கட்டுரையைக் காதால் கேட்க 72 டாலர் கட்டி ஏமாந்த கதை

கட்டுரையை வாசித்துக் காட்டும் செயலி ஒன்றுக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டிருந்தேன், இன்று காலைதான் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் கோரிக்கை மூடப்பட்டது." அவ்வளவுதான், 72 டாலர் போயே போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, தொலையட்டும்" என்று இருந்துவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். இதே மாதிரிச் செயலி தேடுகிறவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எனக்குக் கண் எரிச்சல். திரையில் படிப்பதைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். அதுவரை நீளமான கட்டுரைகளைச் சேமித்து வைக்க பாக்கெட் என்ற செயலிதான் துணை. அதிலேயே கேட்கும் வசதியும் இருந்தது. 2025 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடமே அதே மாதிரியான ஆம்னிவோர் செயலியும் போயிருந்தது. படிக்க எடுத்து வைத்தவை நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன, படிக்கக் கண் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

கட்டுரையின் இணைய முகவரியைக் கொடுத்தால் அதை வாசித்துக் காட்டும் செயலி. பெயர் சொல்லப் போவதில்லை. நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்பார்கள், பெயரைத் தெரிந்துகொண்டு பயனில்லை. அவர்களுடைய தளத்தில் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. பக்கத்தில் "கேட்டுப் பாருங்கள்" என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். ஒரு பெண் குரல், மழையைப் பற்றி நாலு வரி. ழகரம் அப்படியே ழகரமாக வந்தது. எங்கே மூச்சு விடவேண்டுமோ அங்கே விட்டது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து யாரோ எனக்காகப் படிப்பது போல இருந்தது. வருடச் சந்தா 72 டாலர், மாதாமாதம் கட்டினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. "செயலிக் கடை வழியாக வாங்காமல் எங்கள் தளத்திலேயே கட்டினால் இந்தத் தள்ளுபடி" என்று ஒரு வரி. அட்டை எண்ணைப் போட்டுவிட்டேன்.

இப்போது யோசித்தால், அந்த நாலு வரியில் ஒரு எண் இல்லை, ஒரு சுருக்கெழுத்து இல்லை, ஒரு ஆங்கிலச் சொல் இல்லை. எந்தக் கட்டுரை ஐயா அப்படி இருக்கிறது?

முதலில் கொடுத்தது உ.வே.சா. பற்றிய ஒரு கட்டுரை. குரலே வேறு! தகரத்தைச் சுரண்டுவது போல ஒன்று. "உ" என்று சொல்லி நிறுத்தியது. அப்புறம் "வே". அப்புறம் "சா". ஒவ்வொரு புள்ளியும் அதற்கு ஒரு வாக்கியத்தின் முடிவு. 1887 என்பதை ஆங்கிலத்தில் சொன்னது. தமிழில் பள்ளிக்கும் அதே 'ப'தான், பக்திக்கும் அதே 'ப'தான். எங்கே எந்த ஒலி என்பது நமக்குப் பழக்கத்தில் தெரியும், இயந்திரத்துக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்தி இலக்கியம் முழுக்க "பள்ளி"யின் 'ப'வில் ஓடியது.

"எந்த பிடிஎஃப் ஆனாலும் சரி" என்றும் போட்டிருந்தார்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பு ஒன்றைக் கொடுத்தேன். அந்த எழுத்துருவில் கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் "ஜே கே பி ஓ" என்று படித்தது. சிரிப்பு வந்தது, 72 டாலர் ஞாபகம் வந்ததும் நின்றுவிட்டது.

உச்சக்கட்டம் இனிமேல்தான். என் ஆண்ட்ராய்டு போனிலேயே, அணுகல்தன்மை அமைப்புகளில், தேர்ந்தெடுத்த எழுத்தை வாசிக்கும் வசதி ஒன்று இருக்கிறது. தற்செயலாக அதை இயக்கி அதே உ.வே.சா. கட்டுரையைக் கொடுத்தேன். அதே தகரக் குரல். அதே இடத்தில் அதே தடுமாற்றம். போனில் சும்மா கிடந்த குரலைத்தான் எனக்கு 72 டாலருக்கு விற்றிருக்கிறார்கள்!

எழுதிக் கேட்டேன். 14 நாளுக்குள் பணம் திரும்பத் தருவோம் என்று அவர்களே போட்டிருந்தார்கள், நான் எழுதியது இரண்டாம் நாள். ஐந்தாம் நாள் பதில்: செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள். செய்தேன். ஒன்பதாம் நாள்: பிழையைப் பதிவு செய்து அனுப்புங்கள். அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள்: தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம், பொறுமைக்கு நன்றி. பதினாறாம் நாள்: வருந்துகிறோம், 14 நாள் முடிந்துவிட்டது. அப்படியானால் அந்த மாதிரிக் குரல்? "அது விளக்கத்துக்காக மட்டும். தமிழ் இன்னும் சோதனை நிலையில் உள்ளது." இதைப் பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. செயலிக் கடையில் கேட்டால் "எங்கள் வழியாக நீங்கள் கட்டவில்லையே" என்கிறார்கள். அந்தத் தள்ளுபடி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இதற்கு மேல் பொறுமை இல்லை. மாதிரிக் குரலை நம்பாதீர்கள். எண்ணும் சுருக்கெழுத்தும் ஆங்கிலச் சொல்லும் கலந்த உங்கள் சொந்தக் கட்டுரையைக் கொடுத்துக் கேட்க விடாத செயலிக்குக் காசு கட்டாதீர்கள். முதலில் போனிலேயே இருக்கும் குரலைக் கேட்டுவிடுங்கள். கணினியில் எட்ஜ் உலாவியில் உரக்க வாசிக்கும் வசதி இருக்கிறது, பல்லவி, வள்ளுவர் போன்ற தமிழ்க் குரல்கள், இலவசம், இதைவிட எவ்வளவோ தேவலை. கட்டியே ஆக வேண்டுமென்றால் செயலிக் கடை வழியாக, அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கூகுள் பிளேயில் வாங்கினால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், செயலிக்காரர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தி நாளைக் கடத்தாதீர்கள்.

இன்னொன்று, செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. தனியாக ரத்து செய்ய வேண்டும். அந்தப் பொத்தானைத்தான் அவர்கள் தளத்தில் அரை மணி நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், விட்டால் அடுத்த வருடமும் 72 டாலர் எடுத்துவிடுவார்கள்.