துர்க்மெனிஸ்தான் போகிறவர்கள் கவனத்துக்கு: நடுவில் நிற்கும் ஆளிடம் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்

துபாயில் இருக்கிற நம் ஆட்கள் பலர் ஜார்ஜியா, அஜர்பைஜான் எல்லாம் முடித்துவிட்டு அடுத்து எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்படித் தேடப்போய்த்தான் நானும் என் அறை நண்பனும் மாட்டினோம். நாட்டில் கிட்டத்தட்ட 70 சதவீதம் காராகும் பாலைவனம், அதன் நடுவில் பல பத்தாண்டுகளாக அணையாமல் எரியும் ஒரு பள்ளம், வெள்ளைப் பளிங்கில் கட்டிய தலைநகரம், போய்வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற பெருமை வேறு. இதையெல்லாம் கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது. நாட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. போன இடம் நல்ல இடம்தான், அனுப்பிவைத்த ஆள்தான் சரியில்லை.

ஆள் தமிழர். ஒரு பயண வாட்ஸ்அப் குழுவில் பழக்கம், துபாய் தேராவில் ஒரு டீக்கடையில் நேரிலும் பார்த்தோம், டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார். "தம்பி, உஸ்பெகிஸ்தான் நீங்களே சுத்திப் பாத்துக்கங்க, துர்க்மெனிஸ்தான் மூணு நாள் என்கிட்ட விட்டுடுங்க, அந்த நாட்டுக்குத் தனியா போகவே முடியாது" என்றார். அது உண்மை. சுற்றுலா விசா வேண்டுமென்றால் அந்த நாட்டில் உரிமம் பெற்ற ஒரு பயண நிறுவனம் நமக்காக அழைப்புக் கடிதம் வாங்கித் தர வேண்டும், உள்ளே அவர்கள் வழிகாட்டியோடுதான் சுற்ற வேண்டும். கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும், காரணமே சொல்லாமல் மறுக்கவும் செய்வார்கள். "மறுத்துட்டா முழுப் பணமும் வாபஸ் அண்ணே, எழுதி வேணும்னாலும் தரேன்" என்று என் நண்பனிடம் சொன்னார் (எனக்குத் தம்பி, அவனுக்கு அண்ணே, வயசு பார்த்துப் போடுகிறார்). தலைக்கு 900 டாலர், விசா முதல் சாப்பாடு வரை எல்லாம் சேர்த்து. இரண்டு பேருக்கும் 1,800 டாலரை அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் போட்டோம். கம்பெனிக் கணக்கு இல்லையா என்று கேட்கத் தோன்றவில்லை, எழுதி வாங்கவும் இல்லை.

அழைப்புக் கடிதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எங்கள் பெயர், பாஸ்போர்ட் எண் தெரிந்தது, மேலும் கீழும் வெட்டியிருந்தது. முழுசாக அனுப்புங்கள் என்றதற்கு "எல்லையில பிரிண்ட் ரெடியா இருக்கும் தம்பி" என்றார். ஏன் வெட்டினார் என்று பிறகுதான் புரிந்தது. எந்த நிறுவனம் அழைக்கிறது என்று அதில் இருக்கும், பெயர் தெரிந்தால் நாங்கள் நேராக அவர்களிடம் பேசிவிடுவோம் இல்லையா.

உஸ்பெகிஸ்தானில் கீவா ஊரிலிருந்து டாக்சி பிடித்து ஷாவட் எல்லைக்குப் போனோம். அந்தப் பக்கம் விசாவுக்கும், குடியேற்ற அட்டைக்கும், மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் கொரோனா சோதனைக்கும் எல்லாவற்றுக்கும் டாலரை எண்ணி வைக்கச் சொன்னார்கள். கவுண்டரில் இருந்த அம்மா ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நூறு டாலரில், ஓரத்தில், எறும்பு அளவுக்கு நீலப் பேனா புள்ளி. தள்ளிவிட்டார். வேறு நோட்டு கொடுத்தேன், அதில் நடு மடிப்பு நைந்திருந்தது, அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதுதான் தேறியது. "எல்லாம் சேர்த்து" என்றவர் இதில் எதையுமே சொல்லவில்லை.

வெளியே வழிகாட்டி காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், அமைதியான மனிதர். தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார். இரண்டு பேருக்கு மொத்தம் 1,400 டாலர், வந்தது 600, மீதி 800 பயணிகள் வந்ததும் ரொக்கமாகத் தருவார்கள் என்று எழுதியிருந்தது. அந்த ஊர் நிறுவனங்கள் பலவும் மீதியை ரொக்கமாக வாங்குவது வழக்கம்தானாம், அதனால் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அதாவது எங்களிடம் வாங்கிய 1,800-ல் நம்மவர் 1,200-ஐ விழுங்கிவிட்டு, அவர்களுக்குத் தர வேண்டிய மீதி 800-ஐ எங்கள் தலையிலேயே கட்டியிருக்கிறார்.

அவரைக் கூப்பிடலாமென்றால் அங்கே வாட்ஸ்அப்புக்குத் தடை. திரும்பிப் போகலாமென்றால் எங்கள் உஸ்பெக் இ-விசா ஒருமுறை நுழைய மட்டும், அதுவும் முடிந்துவிட்டது. இரண்டு முறை நுழையும் விசாவுக்கும் அதற்கும் வித்தியாசம் 15 டாலர், 20-க்குப் பதில் 35. "எதுக்கு வீண் செலவு" என்று தடுத்ததும் அவர்தான். அது அக்கறை என்று அன்று நினைத்தேன். அவசரத்துக்கு வைத்திருந்த ரொக்கத்தைத் துடைத்துக் கொடுத்தோம். கையில் மிஞ்சியது எழுபது டாலர். அந்தப் பேனா புள்ளி நூறைச் செல்லாக் காசாக விட்டுவிட்டுத்தான் எழுபது.

கோனே உர்கெஞ்ச் என்ற பழைய நகரத்தில் குத்லுக் தைமூர் மினார் 60 மீட்டர் உயரம், வெட்டவெளியில் ஒற்றையாக நிற்கிறது. துராபெக் கானும் என்ற இளவரசியின் கல்லறையில் உட்கூரை மொசைக்கில் 365 துண்டுகள், வருடத்தில் நாளுக்கு ஒன்று என்று வழிகாட்டி அண்ணாந்து காட்டினார். நான் அண்ணாந்தபடியே ஹோட்டலில் சாப்பாட்டுக்குப் பணம் போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஆகிவிட்டது.

அங்கிருந்து எரியும் பள்ளம் இருக்கிற தர்வாசா வரைக்கும் ரோடு என்று சொல்ல முடியாது, குழிகளுக்கு நடுவில் கொஞ்சம் தார் இருக்கிறது. சொன்னது ஃபோர் வீல் ஜீப், வந்தது பழைய சாதாரணக் கார். பிரதான சாலையிலிருந்து பள்ளத்துக்குப் போகும் கடைசிச் சில கிலோமீட்டர் மணல் தடம், அதற்கு எங்கள் பேக்கேஜில் வண்டியே போடவில்லை. டிரைவர் பாவம் பார்த்துக் காரையே இறக்கினார், கால் மணி நேரத்தில் சக்கரம் புதைந்தது. மனிதர் அலட்டிக்கொள்ளவில்லை. நாலு டயரிலும் காற்றை இறக்கினார், சாக்சவுல் என்ற பாலைவனப் புதரின் காய்ந்த கிளைகளை ஒடித்துச் சக்கரத்துக்கு முன்னால் பரப்பினார், எங்களைத் தள்ளச் சொன்னார். வாயெல்லாம் மணல். மூன்றாவது தள்ளலில் வண்டி ஏறியது.

பள்ளம் சுமார் 70 மீட்டர் அகலம். இருட்டில் விளிம்பில் நின்றால் முகத்தில் அனல், முதுகில் பாலைவனக் குளிர், மேலே அவ்வளவு நட்சத்திரம். ஆனால் நம்மவர் அனுப்பிய வீடியோவில் பள்ளம் முழுக்க தீ கொழுந்துவிட்டு எரிந்தது, நாங்கள் பார்த்தது அங்கங்கே எரியும் நாக்குகள். பக்கத்தில் கிணறு தோண்டி எரிவாயுவை எடுக்கிறார்கள், தீ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று 2025-ல் அவர்கள் அதிகாரிகளே சொல்லிவிட்டார்கள். பழைய வீடியோவைக் காட்டிக் காசு வாங்குபவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம், இப்போது எடுத்த படம் கேளுங்கள். தனி யூர்ட் கூடாரம் என்றதும் பொய், ஐந்து பேரோடு ஒரே கூடாரத்தில் பாய். வழிகாட்டி தன் கம்பளியை என் நண்பனுக்குக் கொடுத்துவிட்டு ஜாக்கெட்டோடு படுத்தார். காலையில் தந்தூர் ரொட்டியும் முலாம்பழமும் பச்சைத் தேநீரும் அவர் செலவு, காசு கொடுத்தால் வாங்கவில்லை.

தலைநகர் அஷ்காபாத்தில் சுற்றிப் பார்க்கக் கையில் ஒன்றுமில்லை, ஹோட்டல் ஜன்னலில் இருந்து பளிங்குக் கட்டடங்களை எண்ணினோம். 2013-ல் 543 கட்டடங்கள் என்று கின்னஸில் ஏறிய ஊர், நான் நாற்பதோடு நிறுத்திவிட்டேன்.

நான் மறுபடி போவேன், மெர்வ் என்ற பழைய நகரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஊர் நிறுவனத்துக்கு நானே மெயில் போடுவேன், அழைப்புக் கடிதத்தை வெட்டாமல் வாங்குவேன், முன்பணம் எவ்வளவு மீதி எவ்வளவு என்று அவர்களிடமே எழுதி வாங்குவேன், புத்தம்புது டாலர் நோட்டுதான் கொண்டுபோவேன், இரண்டு முறை நுழையும் உஸ்பெக் விசா எடுப்பேன்.

திரும்பி வந்து நம்மவரிடம் கேட்டதற்கு "அந்த ஊர்க்காரன் உங்கள ஏமாத்திட்டான் தம்பி" என்றார். தாளின் போட்டோவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, 100 டாலர் வந்தது, அப்புறம் என்னை ப்ளாக் செய்துவிட்டார். வங்கியில் நீங்களாகத்தானே அனுப்பினீர்கள் என்கிறார்கள். என் நண்பனை ப்ளாக் செய்ய மறந்துவிட்டார் போல, நேற்று அவன் போனில் அவருடைய ஸ்டேட்டஸ் பார்த்தேன். அதே கொழுந்துவிட்டு எரியும் வீடியோ, கீழே "ஏப்ரல் பேட்ச், ஆறு சீட்தான் பாக்கி".