பழைய அக்சல் எங்கே என்று முதலில் கேளுங்கள்

குவாட் பைக்கை, அதாவது நாலு சில்லு மோட்டார் பைக்கை, மலை ஓட்டத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் கராஜ் எதிலாவது காசு கொடுக்கப் போகிறீர்களா? கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நானும் என் சின்னம்மா மகனும் 3,85,000 ரூபாய் கொடுத்தோம். கிடைத்தது கொஞ்சம் கறுப்புப் பெயின்ட், ஒரு வீடியோ, அப்புறம் தம்பியின் இடது காறை எலும்பில் ஒரு முறிவு.

கராஜின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. எழுதினால் வரக்கூடிய வழக்கை நடத்த எங்களிடம் காசில்லை. இருந்ததைத்தான் அவரிடம் கொடுத்துவிட்டோமே. கண்டிப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவுக்குப் பக்கத்தில், நானுஓயாவில், எங்களுக்கு மூன்று அறைகளோடு ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. தம்பி நான்கு வருடம் துபாயில், பாலைவனத்தில் குவாட் ஓட்டக் கூட்டிப்போகும் ஒரு கம்பனியில் வேலை செய்தவன். திரும்பி வந்ததும் இங்கேயும் ஒன்று வேண்டும் என்று நின்றான். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகள் தங்க விலை ஆகிவிட்டன. அப்படியும் தேடிப்பிடித்து, கொழும்பில் ஒருவரிடமிருந்து 2006ஆம் ஆண்டு சுசுகி எல்டி-இசட் 400 ஒன்றை வாங்கினோம். அந்தக் காலத்துக் கவசாகி கேஎஃப்எக்ஸ் 400ம் இதுவும் உள்ளே ஒரே வண்டிதான், ஸ்டிக்கரும் நிறமும்தான் வேறு. பாகம் தேடுகிறவர்கள் இரண்டு பெயரிலும் தேடிப் பார்க்கலாம்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். தோட்டத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு போகும் நாலு சில்லு வண்டி வேறு, இந்த ஸ்போர்ட் குவாட் வேறு. இதில் பின்சில்லு இரண்டுக்கும்தான் இழுவை. செயின், ஸ்ப்ரொக்கட், நடுவில் இரண்டு சில்லையும் இணைக்கும் ஒரே நீளமான அக்சல். டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டு பின்சில்லும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். திரும்பும்போது உடம்பைச் சாய்த்து உள்பக்கச் சில்லை வழுக்கவிட வேண்டும். மணலில் இது சுகம். எங்கள் தோட்டத்து ஃபீல்ட் ரோட்டில் கல்லும் சேறும் குறுக்கே தண்ணீர் ஓடும் கானும் இருக்கும்போது, ஒவ்வொரு அடியையும் அந்த ஒரே அக்சல்தான் வாங்குகிறது. சரிவில் குறுக்காகப் போனால் வண்டி கவிழவும் பார்க்கும். அதனால்தான் மலையில் ஓட்டுகிறவர்கள் முதலில் வண்டியை அகலமாக்குகிறார்கள். பின்னால் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் கூடுதலான, குரோமொலி என்ற உறுதியான இரும்பில் செய்த அக்சல், முன்னால் சில்லைப் பிடித்திருக்கும் ஏ-ஆர்ம் அதற்கேற்ற நீளத்தில். அப்புறம் அடியை வாங்கும் ஷொக். அதெல்லாம் முடிந்த பிறகுதான் எஞ்சினைத் தொட வேண்டும்.

இந்த வரிசையைத் தம்பிதான் சொன்னான். கராஜ்காரரும் அதையே சொன்னார். "தம்பிமாருக்கு விசயம் தெரியுது" என்றார். அங்கேதான் நாங்கள் விழுந்தோம். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் சுப்பர்குரோஸ் பந்தயத்துக்குப் போன பைக்குகளில் வேலை செய்திருக்கிறேன் என்று சுவரில் இருந்த போட்டோக்களைக் காட்டினார். போட்டோவில் பைக் இருந்தது, அவர் இல்லை. அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

கணக்கு இப்படி: அக்சல் 2,10,000. ஷொக் மூன்றையும் கழற்றி, எண்ணெய் மாற்றி, எங்கள் எடைக்கு ஸ்பிரிங் போட 90,000. சைலன்சரும், கார்புரேட்டரில் பெற்றோல் வரும் துளையான ஜெட்டும் 85,000. முன் ஏ-ஆர்ம் அடுத்த தடவைக்கு. பில் என்று கொடுத்தது ஒரு கொப்பித்தாள். "பாகங்கள் + கூலி" என்று ஒரே வரி, கீழே கையெழுத்து. எந்தக் கம்பனி அக்சல், என்ன நம்பர், ஒன்றும் இல்லை.

வண்டி எடுக்கப் போன நாளில் "டெஸ்ட்" செய்து காட்டினார். பக்கத்தில் அறுவடை முடிந்த வயல். சமதரை, காய்ந்த மண். அதில் வட்டம் அடித்தார், முன்சில்லைத் தூக்கிக் காட்டினார், பையன் ஒருவன் போனில் வீடியோ எடுத்தான். பிறகு ஒரு தாளை நீட்டினார். அதில் 52 குதிரைவலு என்று அச்சடித்திருந்தது. நாற்பது பக்கம் இருக்கும் வண்டி, ஒரு சைலன்சரை மாற்றியதற்கு 52! அதை அளக்க டைனோ மெசின் வேண்டும், அந்தக் கராஜில் ஒரு நல்ல ஜாக்கிகூட இல்லை. தம்பி என் முகத்தைப் பார்த்தான், நான் வண்டியைப் பார்த்தேன். பளபளவென்று நின்றது. நுவரெலியா சீசன் ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம், சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற அவசரம் வேறு.

கிளம்பும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன், அது சரியான கேள்விதான். "அண்ணே, பழைய அக்சல் எங்கே? வைத்திருந்தால் அவசரத்துக்கு ஆகும்."

"அது கோணிப்போய்க் கிடந்தது தம்பி. பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நானுஓயாவுக்கு வந்த முதல் வாரத்திலேயே எஞ்சின் திணறியது. ஏற்றத்தில் த்ரொட்டிலைத் திறந்தால் 'புப்புப்பு' என்று அடைத்துக்கொண்டு கறுப்புப் புகை. ப்ளக்கைக் கழற்றினால் அடுப்புக் கரி. காரணம் எளிது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், கண்டி சுமார் 500. மேலே காற்று அடர்த்தி நூற்றுக்குப் பத்துக்கும் மேல் குறைந்துவிடுகிறது, ஆனால் கார்புரேட்டர் அதே பெற்றோலைத்தான் ஊற்றும். மலைக்கு வரும் வண்டிக்கு ஜெட்டைச் சின்னதாக்க வேண்டும். அவரோ சைலன்சர் மாற்றியதற்காகப் பெரிதாக்கி, கீழே இருந்த காற்றுக்கு ஓட்டிப் பார்த்து, கேட்கச் சத்தமாக இருந்ததும் விட்டுவிட்டார். வண்டி எங்கே ஓடப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இதை மட்டும் அறியாமை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஜெட் மலிவுதான், தம்பி இரண்டு மூன்று அளவில் வாங்கி மாற்றிப் பார்த்துச் சரிசெய்துவிட்டான்.

எண்ணெயும் கூடுதலாக ஊற்றியிருந்தார். இது ட்ரை சம்ப் எஞ்சின், எண்ணெய் தனி டாங்கில் நிற்கும். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திய பிறகுதான் அளக்க வேண்டும். குளிரில் அளந்தால் குறைவாகத்தான் காட்டும். குறைவு என்று நினைத்து ஊற்றினால் மிச்சம் ஏர் ஃபில்டருக்குள் வந்து நிற்கும். வந்து நின்றது.

ஷொக் விசயம் அறியாமை இல்லை. அடுத்த கானைத் தாண்டும்போதே 'டங்' என்று அடியில் முட்டியது, அப்போதே சந்தேகம் வந்தது. எங்கள் எடைக்கு ஸ்பிரிங் போட்ட ஷொக் அப்படி முட்டாது. கழற்றிப் பார்த்தால் அதே பழைய ஸ்பிரிங், வெளியே சிவப்புப் பெயின்ட். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ப்ரீலோட் வளையத்தை மட்டும் கடைசி வரைக்கும் முறுக்கி வைத்திருந்தார். அப்படி முறுக்கினால் வண்டி உயர்ந்து நிற்கும், கையால் அழுத்திப் பார்க்கிறவனுக்கு இறுக்கமாகவும் தோன்றும், ஸ்பிரிங்கின் பலம் மட்டும் அப்படியே இருக்கும். உள்ளே எண்ணெய் கொக்கோ கோலா நிறம். ஷொக்கைத் திறந்து மூடினால் திரும்ப நைட்ரஜன் அடிக்க வேண்டும். "எங்கே அண்ணே நைட்ரஜன் அடித்தீர்கள்?" என்று போனில் கேட்டேன். "அது நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்" என்றார். எந்த ஆள் என்று இன்றுவரை தெரியாது.

அப்போதே அக்சலையும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. நீளம் கூடியிருந்ததே, டேப் வைத்து அளந்தோமே, பக்கத்துக்கு இரண்டு அங்குலம் சரியாக இருந்ததே!

வைகாசிக்குப் பிறகு மழை. எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் ஃபீல்ட் ரோட் எல்லாம் களியாகிவிடும். தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கியிருந்தோம், ஆனால் ரோட் பாழாகும் என்று மழை நாளில் இறங்கவில்லை. கொழுந்தெடுக்கும் நேரத்திலும் போவதில்லை. ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. தம்பி பழைய ஸ்டோர் பக்கத்து ஏற்றத்தில் ஏறினான். பெரிய வேகம் இல்லை, இரண்டாவது கியர். வலது பின்சில்லு ஒரு கல்லில் ஏறி இறங்கியது. ஒரு சத்தம், கிளை முறிந்த மாதிரி. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தனியாக ஒரு சில்லு தேயிலைக்குள் உருண்டு போனது. பிறகு வண்டி வலப்பக்கம் விழுந்து, அவனையும் இழுத்துக்கொண்டு மூன்று நாலு நிரை தேயிலைக்கு மேலே வந்தது. நல்லவேளை தேயிலை தடுத்தது. ஹெல்மெட் போட்டிருந்தான். தோள்பட்டையில் விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் அவனைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு ஹட்டனில் ஒரு லேத் கடைக்குப் போனேன். அந்த ஐயா முப்பது வருடம் தேயிலைப் பேக்டரி மெசின்களோடு இருந்தவர். கண்ணாடியைப் போட்டு ஒரு நிமிடம் பார்த்தார். பெயின்டைச் சுரண்டினார்.

"இது புது அக்சல் இல்ல தம்பி. பழசை வெட்டி, நடுவில துண்டு வச்சு, வெல்டிங் அடிச்சு, லேத்தில தேய்ச்சிருக்கான். பெயின்ட் அடிச்சா தெரியாது."

உடைந்த முகத்தைக் காட்டினார். பாதி வெள்ளிபோல் மின்னியது. மற்றப் பாதி பிறைநிலா மாதிரி துருப்பிடித்துக் கறுத்திருந்தது. துருப்பிடித்த பகுதி எப்போதோ வெடித்துவிட்டது, மின்னும் பகுதிதான் நேற்று உடைந்தது என்றார். அக்சல் இரும்பைச் சூடேற்றிப் பக்குவப்படுத்தித்தான் செய்கிறார்கள். அதன்மேல் வெல்டிங் அடித்தால் அந்தப் பக்குவம் போய்விடும், வெல்டிங்குக்குப் பக்கத்து இடம் கண்ணாடி மாதிரி உடையும். சில்லைப் பூட்டும் ஹப் ஏறும் பற்களைப் பார்க்கச் சொன்னார். எல்லாம் தேய்ந்திருந்தன. புது அக்சலில் தேய்ந்த பல் எங்கிருந்து வரும்? கொட்டர் பின் ஓட்டைக்குள் பதினைந்து வருடத் துரு.

பழைய அக்சல் பழைய இரும்புக்குப் போகவில்லை. எங்கள் வண்டியிலேயேதான் இருந்தது.

போன் செய்தேன். முதலில் "கல்லில விட்டா எந்த அக்சலும் உடையும்" என்றார். வெல்டிங் பற்றிச் சொன்னதும் "நீங்க வேற எங்கேயோ கொடுத்து அடிச்சிருப்பீங்க" என்றார். அதற்குப் பிறகு என் நம்பருக்கு அவர் போன் வேலை செய்யவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற நம்பருக்கு அழைத்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளையோ சேவையையோ வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் வண்டியை எடுத்தது ஏப்ரலில். மழையில் வண்டி படங்குக்குக் கீழே கிடந்த மாதங்களிலேயே எங்கள் தவணையும் போய்விட்டது. மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்றார் ஒருவர். போனால் நீட்டுவதற்கு என்னிடம் இருப்பது அந்தக் கொப்பித்தாள்தான். ஆகவே நீங்கள் யாராவது இப்போது இதே நிலையில் இருந்தால், முதலில் நாட்களை எண்ணுங்கள்.

இப்போது வேறொரு மெக்கானிக்கிடம் செய்கிறோம், மெதுவாக. அக்சல் பெட்டியோடு எங்கள் கைக்கு வந்தது. கம்பனிப் பெயர் அதில் வெட்டியிருக்கிறது. பழையதைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். பூட்டிய பிறகு பின்பக்கத்தைத் தூக்கிவைத்து, ஒரு கம்பி முனையை அக்சலுக்கு ஒட்டப் பிடித்துச் சில்லைச் சுற்றினார். கம்பிக்கும் அக்சலுக்கும் நடுவில் இடைவெளி கூடிக் குறைந்தால் அது நேராக இல்லை. எல்லா நட்டிலும் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் எது அசைந்தது என்று தெரிந்துவிடும். ஷொக் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டினோம். அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவுதான் ஷொக் இறங்கியிருக்கிறது. வட்டம் அடிக்கிற டெஸ்ட் எதுவும் இல்லை. எங்கள் ஏற்றத்தில், எங்கள் கல்லில், பாதியில் நிறுத்தி மறுபடி ஏற்றிப் பார்த்தோம். காசில் மூன்றில் ஒரு பங்கை அதற்குப் பிறகுதான் கொடுத்தேன். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. டயர் காற்றுக்கும் தனியாக ஒரு கேஜ் வாங்கச் சொன்னார். இந்த டயர்களுக்கு 4 பிஎஸ்ஐ பக்கம்தான் வேண்டும், பெற்றோல் ஷெட் மீட்டரில் அந்த அளவு சரியாகத் தெரியாது.

தம்பிக்குக் கை தூக்க வருகிறது. இன்னும் ஓட்டவில்லை.

அந்த வயல் வீடியோவை அவர் இன்னும் ஆட்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். போன வாரம் வெலிமடையிலிருந்து ஒரு பையன் "அண்ணே, இவர் நல்லவரா?" என்று எனக்கே அனுப்பிக் கேட்டான். எங்கள் வண்டி, முன்சில்லைத் தூக்கிக்கொண்டு, "மலைநாட்டுக்கு ரெடி" என்ற எழுத்தோடு. உங்களுக்கும் வந்தால் வண்டி திரும்பும் இடத்தில் நிறுத்தி, வலது பின்சில்லுக்கு உள்பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் பெயின்டுக்குக் கீழே மெல்லிசாக ஒரு வளையம் தெரியும். நாங்கள் அந்த வீடியோவை இருபது தடவையாவது பார்த்திருப்போம், சில்லு உருண்டு போவதற்கு முன்னாலேயே.