ஹேக்லரா, லியோனார்டா?

1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ். மிடில்வெயிட் எனும் நடுத்தர எடைப் பிரிவின் உலகக் குத்துச்சண்டைப் பட்டத்துக்காக மார்வின் ஹேக்லரும் சுகர் ரே லியோனார்டும் மோதினார்கள். மூன்று நடுவர்களில் ஒருவர் ஹேக்லருக்கு 115-113 என்று புள்ளி கொடுத்தார். இன்னொருவர் அதே 115-113 கணக்கை லியோனார்டுக்குக் கொடுத்தார். மூன்றாமவர் லியோனார்டுக்கு 118-110 போட்டார். இரண்டுக்கு ஒன்று என்று லியோனார்டு ஜெயித்தார். நெருக்கமான சண்டைக்கு இந்த மூன்றாவது கணக்கு அநியாயம். லியோனார்டு ரசிகர்களே இதற்கு வக்காலத்து வாங்குவது கஷ்டம்.

ஹேக்லர் பக்கம் பார்த்தால், முன்னேறி வந்து சண்டையை இழுத்தவர் அவர்தான். கனமான குத்துகளும் பெரும்பாலும் அவருடையவை. ஐந்தாவது சுற்றில் லியோனார்டைத் தடுமாற வைத்தார். அவர் நடப்புச் சாம்பியனும்கூட. பட்டத்தைப் பறிக்க வருபவன் தெளிவாக ஜெயிக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் விதியில் அப்படி எதுவும் இல்லை.

லியோனார்டு பக்கம் பார்த்தால், அவர் முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு சண்டை போட்டவர். 15 சுற்றுக்குப் பதில் 12, பெரிய மேடை என்று தனக்குச் சாதகமாக ஒப்பந்தத்திலேயே பாதி வேலையை முடித்துவிட்டார். சுற்றின் கடைசி அரை நிமிடத்தில் சரமாரியாகக் குத்துவார். பலத்தைவிடப் பகட்டு அதிகம்தான், ஆனால் நடுவர் கண்ணில் நிற்பது அதுதானே! இடது கைக்காரரான ஹேக்லர் தொடக்கச் சுற்றுகளை வலது கை நிலையில் ஆடி வீணாக்கியதும் லியோனார்டுக்கு வசதியாகப் போயிற்று.

என் கணக்கில் 115-113, லியோனார்டுக்கு. ஹேக்லர் நடுவர்களின் தீர்ப்பை ஏற்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவும் இல்லை.