இலை முருகைக்கல்: மொண்டிபோராவா, டர்பினேரியாவா?

கொழும்பிலிருந்து ஹிக்கடுவைக்குச் சென்று கடலுக்குள் எட்டிப் பார்ப்பவர், இலைபோல் மடிந்து விரிந்த முருகைக்கல்லைக் கண்டதும் வடிவத்தை வைத்தே பெயர் சொல்லிவிடுகிறார்; ஆனால் ஒரே இனம் வெளிச்சத்துக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பத் தட்டாகவோ கிண்ணமாகவோ வளரக்கூடியது என்பதால், மேற்பரப்பில் பொலிப்புகள் (சுண்ணாம்பு எலும்புக்கூட்டால் முருகைக்கல்லைக் கட்டும் சின்ன உயிரிகள்) குடியிருக்கும் குழிகளைப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

இப்படி இலைபோல் வளரக்கூடிய இரு முருகைக்கல் பேரினங்களில் ஒன்றான மொண்டிபோராவில் இந்தக் குழிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான ஊசித்துளைகள். பல இனங்களில் அவற்றுக்கிடையே எலும்புக்கூடு பருக்களாகவும், விளிம்பை நோக்கி ஓடும் வரம்புகளாகவும் எழுந்து, துளைகளையே மறைத்துவிடும். தட்டும் மெல்லியது; எளிதில் நொறுங்கும்.

மற்றப் பேரினமான டர்பினேரியாவின் குழிகளைப் பார்க்க உருப்பெருக்கி வில்லை தேவையில்லை. சில மில்லிமீற்றர் அகலத்தில் குட்டையான குழாய்களாக அவை புடைத்து நிற்கும். விரிந்த தட்டுகளில் பெரும்பாலும் மேற்பக்கத்திலேயே இருக்கும். சில இனங்களில் பொலிப்புகள் பகலிலும் பூப்போல் விரிந்திருக்கும். கலங்கிய நீரையும் இது ஓரளவு தாங்கும். (இதே பெயரில் ஒரு பழுப்புக் கடற்பாசியும் உண்டு; குழம்ப வேண்டாம்.)

நிறத்தை நான் சான்றாகக் கொள்வதில்லை: 1998 ஆம் ஆண்டின் வெப்பத்தில் ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் வெளுத்தன. கரையொதுங்கிய துண்டிலோ எலும்புக்கூடு மட்டுமே எஞ்சும். அங்கும் குழியின் அளவே பேசும்.