கேனான் 5டி மார்க் 3, சோனி ஏ7 3: கல்யாண வேலையில் கருவி எவ்வளவு, கைத்திறன் எவ்வளவு?

கல்யாண போட்டோ எடுக்க முதலில் கேனான் 5டி மார்க் 3 வைத்திருந்தேன். அது 2012இல் வந்த டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. அப்புறம் 2018இல் வந்த சோனி ஏ7 3 என்ற, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறினேன். இரண்டிலும் வருடக்கணக்கில் வேலை பார்த்தாகிவிட்டது. நல்ல படத்துக்குக் காரணம் கேமராவா, எடுக்கிற ஆளா என்று கேட்டால், ஆள்தான் என்பேன். ஆனால் கல்யாணத்தில் எதையும் "இன்னொரு தடவை செய்யுங்கள்" என்று கேட்க முடியாது. அதனால் கருவிக்கு ஒரு குறைந்தபட்சத் தகுதி வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் திறமை கைகொடுக்காது. அதைத் தாண்டிய பிறகு கொட்டுகிற பணம் படத்தில் அவ்வளவாகத் தெரியாது.

பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) மாற்றியதில் உண்மையாகவே கிடைத்த லாபம் ஃபோகஸ். பழையதில் 61 ஃபோகஸ் புள்ளிகள் (கேமரா ஃபோகஸ் பிடிக்கக்கூடிய இடங்கள்), எல்லாம் நடுப்பகுதியிலேயே குவிந்திருக்கும். ஆள் ஓரத்தில் நின்றால் நடுவில் ஃபோகஸ் பிடித்து, கேமராவைத் திருப்பி எடுக்க வேண்டும். புதியதில் 693 புள்ளிகள், ஏறக்குறைய படப்பரப்பு முழுவதும் பரவியிருக்கின்றன. கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. மணமக்கள் நம்மை நோக்கி நடந்து வரும்போது கலங்கிப்போகிற படங்கள் நன்றாகக் குறைந்துவிட்டன. பேட்டரியோடு 950 கிராம் இருந்த பாடி 650 கிராம் ஆனதைச் சாயங்காலம் தோள்பட்டை நன்றாகவே உணரும். ஆல்பத்தில்? ஒன்று 22, மற்றது 24 மெகாபிக்சல். அச்சான பக்கத்தைப் பார்த்து எது எந்தக் கேமரா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

குறைந்தபட்சத் தகுதி என்று சொன்னேனே, அது பெரும்பாலும் லென்ஸ். மங்கலான ஹாலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 6400 வைத்து, எஃப் 2.8 லென்ஸில் (இந்த எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிது) நொடியில் 125இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவோடு சேர்த்து வரும் சாதாரண கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6தான். வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும்; ஷட்டரும் 30இல் ஒரு பங்குக்கு இறங்கும். நடக்கிறவர், கையை அசைக்கிறவர் எல்லாரும் இழுபட்டுப்போவார்கள். பிளாஷ் போடலாம், ஆனால் சடங்கு நடக்கும்போது எல்லா இடத்திலும் அனுமதி கிடைக்காது. இந்த இடத்தில் அனுபவம் மட்டும் இருந்து பயனில்லை. இன்னொன்று, இரண்டு கார்டு ஸ்லாட். ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாகும். ஒன்று செத்தாலும் ஒரு குடும்பத்தின் நாள் தொலைந்துபோகாது. கூலி வாங்கிக்கொண்டு எடுக்கிறவர்களுக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

இவ்வளவு இருந்தும், எங்கே நிற்பது என்று கேமரா சொல்லாது. மேடையில் ஒரு பக்கம் மஞ்சள் பல்பு, மறுபக்கம் நீல எல்இடி. மணப்பெண்ணின் ஒரு கன்னம் ஆரஞ்சு, இன்னொன்று நீலம். கம்ப்யூட்டரில் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தால் ஒரு கன்னத்தைத் திருத்தும்போது மற்றது கெட்டுப்போகும். ஜன்னல் பக்கமாக இரண்டு அடி நகர்ந்து நிற்கச் சொன்னால் அந்த வேலையே இல்லை. எல்இடி வெளிச்சத்தில் சைலண்ட் ஷட்டர் (சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டர்) போட்டால் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழும். விலை உயர்ந்த பல மிரர்லெஸ்களிலும் இது வரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் சாதாரண ஷட்டருக்கு மாறி, 100இல் ஒரு பங்கு வேகம் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது முன்கூட்டியே ஊகிப்பது. எல்லா லென்ஸும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மேடை ஓரத்தில் பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையைத் தேடுவார். இரண்டு நொடிதான். காலையிலிருந்தே அவரை ஒரு கண்ணால் கவனித்து வந்தவருக்குத்தான் அந்தப் படம் கிடைக்கும். நொடிக்குப் பத்து படம் எடுக்கும் கேமராவாக இருந்தாலும், தப்பான பக்கம் திரும்பியிருந்தால் வேண்டாத பத்து படம்தான் மிஞ்சும். ஆல்பத்தில் வீட்டார் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த மாதிரிப் படங்களைத்தான். அவற்றில் பல என் பழைய பாடியில் எடுத்தவை.

குரூப் போட்டோவிலும் இதே கதைதான். எஃப் 1.8 லென்ஸ் இருக்கிறதே என்று அதை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு கிட்டே நின்று எடுத்தால் முன்வரிசை பளிச், பின்வரிசை கலங்கல். எஃப் 5.6 அல்லது 8க்குப் போய், பிளாஷ் போட்டு, பெரியவர்களை முதலில் உட்கார வைத்து, சலிப்பு வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் பழைய இரட்டை ஸ்லாட் பாடி ஒன்று, எஃப் 2.8 ஜூம் ஒன்று, ஜூம் ஆகாத எஃப் 1.8 பிரைம் லென்ஸ் ஒன்று, நல்ல பிளாஷ் இரண்டு என்று ஆரம்பியுங்கள். புது பாடி கடைசியில் போதும். போட்டோகிராபரைத் தேடுகிறவர்கள் அவரிடம் என்ன கேமரா என்று விசாரிப்பதைவிட, ஏதாவது ஒரு கல்யாணத்தின் படங்களை ஆரம்பம் முதல் கடைசி வரை காட்டச் சொல்லுங்கள். பொறுக்கி எடுத்த இருபது படம் யாரிடமும் நன்றாகத்தான் இருக்கும். இருட்டான ஹாலிலும் அவசரமான குரூப் போட்டோவிலும் அவர் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள்.