கழுத்தில் கூடுதல் விலா: எக்ஸ்ரேயா, எம்.ஆர்.ஐ.யா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன்கள் சிலர், கழியைத் தூக்கினாலே சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது என்கிறார்கள். கழுத்தின் 7-ஆவது எலும்பிலிருந்து கூடுதலாக ஒரு விலா வளர்ந்திருந்தாலும் இப்படி ஆகலாம். நூறில் ஒருவருக்கும் குறைவாகவே அது இருக்கும்; இருந்தாலும் பலருக்குத் தொந்தரவே வராது. எந்தப் படம் எடுப்பது?

செலவு: எக்ஸ்ரே மலிவு. எம்.ஆர்.ஐ. தனியாரில் நூற்றுக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்).

நேரம்: எக்ஸ்ரே சில நிமிடம். மற்றதற்கு அரை மணி நேரம் போல அசையாமல் படுக்க வேண்டும்; ஈப்போ வரை போனால் அன்றைய சம்பளமும் போச்சு.

தெரிவது: இதுதான் முக்கியம். எக்ஸ்ரேயில் அந்த விலா, எலும்பாக இருப்பதால், பளிச்சென்று தெரியும். ஆனால் அதன் நுனியிலிருந்து முதல் விலாவுக்கு ஓடும் நார்ப்பட்டை தெரியாது. பல நேரம் நரம்பை அழுத்துவது அதுதான். நரம்பையும், கழுத்தெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டையும் (டிஸ்க்) காட்டுவது எம்.ஆர்.ஐ.

பாதுகாப்பு: கர்ப்பிணிகள் எக்ஸ்ரேக்கு முன்பும், உடலில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு முன்பும் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

வெறும் மரத்துப்போதல் என்றால் முதலில் எக்ஸ்ரே போதும். பிடி தளர்ந்து, கட்டைவிரல் அடிச்சதை வற்றுகிறதா? அப்புறம் செலவு பார்க்காதீர்கள், நிபுணரிடம் காட்டி எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள்.