பளபளக்கும் பரப்பில் தொலைவு அளக்க எந்தப் போலரைசர்: குறுக்கா, வட்டமா, இணையா?

பாலிஷ் போட்ட டைல்ஸ், எவர்சில்வர் தட்டு, லேமினேட் செய்த அட்டை. இவற்றின் முன்னால் ஒளித் தொலைவு சென்சாரை வைத்தால் அளவு ஓரிடத்தில் நிற்காது. முக்கோண முறை சென்சார் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பி வந்து தன்மேல் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்கும்; விழும் மொத்த ஒளியின் மையத்தை வைத்துத்தான் தொலைவைச் சொல்கிறது. பொருளின் மேல் விழுந்த புள்ளியோடு ஒரு மினுக்கமும் சேர்ந்து வந்தால் மையம் அந்தப் பக்கம் இழுபடும். ஒளி போய்வரும் நேரத்தை அளக்கும் சென்சாரில் கோளாறு வேறு மாதிரி. பளபளத்த தரையில் பட்டு, சுவருக்குப் போய்த் திரும்பும் ஒளி தாமதமாக வருவதால் தொலைவு கூடுதலாகத் தெரியும்.

ஒளி அலை ஒரே தளத்தில் அதிர்வது தளவிளைவு (polarization); ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலம்தான் போலரைசர். கண்ணாடியில் போல ஒழுங்காக எதிரொளித்த ஒளி, அதாவது மினுக்கம், தன் தளவிளைவைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்ளும். பரப்புக்குள் புகுந்து பலமுறை சிதறி வந்த ஒளி அதை இழந்துவிடும். இந்த இரண்டில் எதைக் கணக்கில் எடுப்பது, எதைத் தள்ளுவது என்று பிரிக்க மட்டுமே போலரைசர் உதவும். அதனால் எதிரே இருக்கும் பரப்பைத் தெரிந்துகொள்ளாமல் போலரைசர் வாங்கக் கூடாது.

முதலில் அலைநீளம்

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் வீணாகின்றன. எல்.சி.டி. திரையிலிருந்து உரித்த போலரைசர் படலமும் கேமராக் கடையில் கிடைக்கும் படலமும் கண்ணுக்குத் தெரியும் 400–700 நானோமீட்டர் ஒளிக்காகச் செய்யப்பட்டவை. ஷார்ப் ஜிபி2ஒய்0ஏ21 சென்சாரின் ஒளி சுமார் 850, விஎல்53எல்0எக்ஸ் சென்சாருடையது 940. அந்த அலைநீளத்தில் இந்தப் படலங்கள் இரண்டை ஒன்றுக்கொன்று 90 டிகிரி திருப்பிக் குறுக்காக வைத்தாலும் சாதாரண பிளாஸ்டிக் தாள் போல ஒளியை விட்டுவிடும். சோதிப்பது எளிது. டிவி ரிமோட்டின் முனையில் இரண்டு துண்டுகளைக் குறுக்காகப் பிடித்து, கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் இடத்தில் கேமராவில் ரிமோட் மின்னினால் அந்தப் படலம் அகச்சிவப்புக்கு உதவாது. கம்பிவலை (wire-grid) வகைப் படலமோ அகச்சிவப்புக்கென்றே செய்ததோ வேண்டும். விலை பல மடங்கு. தொழிற்சாலைக் கன்வேயரில், எதிரே பிரதிபலிப்பான் வைத்து ஓடும் போலரைசர் சென்சார்கள் சிவப்பு ஒளியில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். புதிதாகத் தொடங்குபவர் 650 நானோமீட்டர் சிவப்பு லேசரையே எடுத்துக்கொள்வது நல்லது.

குறுக்கு அமைப்பு

ஒளியூற்றின் முன் உள்ள படலமும் ஏற்பியின் முன் உள்ள படலமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பது குறுக்கு அமைப்பு. மினுக்கம்தான் தொல்லை, பரப்பு ஓரளவாவது ஒளியைச் சிதறடிக்கிறது என்றால் இதுவே முதல் தேர்வு. இதற்குக் கொடுக்கும் விலை ஒளி இழப்பு. சாதாரணப் படலம் தளவிளைவில்லாத ஒளியில் சுமார் 40 சதவீதத்தைத்தான் விடும். எல்.இ.டி. முன் ஒன்று, ஏற்பி முன் ஒன்று என்றால் 0.4 × 0.4, அதாவது சிதறிய ஒளியில் 16 சதவீதமே மிஞ்சும். திரும்பும் ஒளி தொலைவின் இருமடிக்கேற்பக் குறைவதால், 80 செ.மீ. எட்டும் சென்சார் ஏறக்குறைய 32 செ.மீ.க்குச் சுருங்கும். லேசர் டயோடின் ஒளி பிறக்கும்போதே தளவிளைவுள்ளது. அதற்கு ஏற்பிப் பக்கம் ஒரே படலம் போதும். 40 சதவீதம் மிஞ்சும், எட்டும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு போல் குறையும். விசெல் (VCSEL, சில்லின் மேற்பரப்பிலிருந்து ஒளி உமிழும்) வகை லேசரை மட்டும் நம்ப வேண்டாம். மின்னோட்டமும் வெப்பமும் மாறும்போது அதன் தளவிளைவுத் திசை சட்டென்று 90 டிகிரி புரளக்கூடும். அதற்கு உமிழும் பக்கமும் படலம் வையுங்கள்.

படலத்தின் அச்சு, ஒளியூற்றையும் ஏற்பியையும் இணைக்கும் கோட்டுக்கு 0 அல்லது 90 டிகிரியில் இருக்க வேண்டும். 45 டிகிரியில் வைத்தால், சாய்வாகப் படும் ஒளியை உலோகம் நீள்வட்டத் தளவிளைவாக (அதிர்வு ஒரே தளத்தில் நிற்காமல் சுழல்வது) மாற்றிவிடும்; குறுக்கு வைத்தும் மினுக்கம் கசியும்.

முகம் தெரியும் அளவு பாலிஷ் செய்த உலோகத்தில் இந்த அமைப்பு கைவிரிக்கும். அங்கே சிதறிய ஒளியே அநேகமாக இல்லை. மினுக்கத்தைத் தள்ளினால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. லேசர் வைத்தவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. தளவிளைவிழந்த ஒளியில் லேசர்ப் புள்ளியின் மணிமணியான இரைச்சல் (ஒளிச்செறிவின் ஏற்ற இறக்கம் ÷ சராசரி) 0.7 அளவில் இருந்தால், படலம் வைத்தபின் 1 ஆகிவிடும். மினுக்கப் பிழை போய், அளவின் நடுக்கம் கூடும். மினுக்கமே இல்லாத மங்கிய பரப்பில் போலரைசர் வைப்பது இந்தக் காரணத்தால் நஷ்டம்தான்.

வட்ட அமைப்பு

வட்டத் தளவிளைவில் ஒளியின் அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே போகும். ஒழுங்கான எதிரொளிப்பில் அந்தச் சுழற்சி திரும்பிவிடுவதால், ஒரே வகைப் படலத்தை இருபுறமும் வைத்தாலே மினுக்கம் நின்றுவிடும். படலத்தை எந்தக் கோணத்தில் திருப்பி ஒட்டினாலும் சரி என்பது பெரிய நிம்மதி. ஆனால் எந்தப் பக்கம் வெளியே என்பது முக்கியம். சாதாரணப் போலரைசரோடு ஒட்டி, தளவிளைவை வட்டமாக மாற்றும் கால்-அலைத் தகடு பொருளைப் பார்த்திருக்க வேண்டும். கேமரா வடிகட்டியில் அது கேமராவைப் பார்த்திருக்கும், ஆகவே அதைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்த வேண்டும்.

இதன் பலவீனம் அலைநீளம். 560 நானோமீட்டருக்குச் சரியாக அமைந்த கால்-அலைத் தகடு, 650-இல் கணக்குப்படி 5 சதவீத மினுக்கத்தை விட்டுவிடும். 850-இல் கசிவு 26 சதவீதம். சாய்வாக விழும் ஒளியிலும் சறுக்கும். நேருக்கு நேர் பார்க்கும் சென்சாருக்கு நல்லது. அகலமான முக்கோண அமைப்புக்குக் குறுக்கு அமைப்பே மேல்.

இணை அமைப்பு

இருபுறப் படலங்களின் அச்சும் ஒரே திசையில் இருப்பது இணை அமைப்பு. சோப்பு, மெழுகு, வெள்ளை நைலான், பளிங்கு ஆகியவற்றில் தொல்லை நேர் எதிரானது. வெள்ளைச் சோப்பில் சிவப்பு லேசரைப் பாய்ச்சிப் பாருங்கள். கூர்மையான புள்ளியைச் சுற்றிச் சில மில்லிமீட்டருக்குச் சிவப்பாக ஒரு படர்ச்சி இருக்கும். அது உள்ளே புகுந்து வந்த ஒளி. அதுவும் கணக்கில் சேர்வதால் பரப்பு இருக்கும் இடத்தைவிடத் தள்ளித் தெரியும். படலத்தைக் குறுக்காகத் திருப்பினால் புள்ளி மங்கிப் படர்ச்சி மட்டும் நிற்கும். இத்தகைய பொருளில் குறுக்கு அமைப்பு பிழையை வளர்க்கிறது என்பதை இதிலேயே கண்ணால் பார்க்கலாம். இணையாகத் திருப்பினால் புள்ளி திரும்பி வரும், படர்ச்சியில் பாதியும் கூடவே வரும். அதையும் நீக்க, இணையில் ஒரு படம், குறுக்கில் ஒரு படம் எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். பொருள் அசையாமல் இருந்தால்தான் இது நடக்கும்.

வெயிலுக்காகப் போலரைசர் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் குறுகிய அலைநீள வடிகட்டி வாங்கலாம். நேர் வெயிலுக்குத் தளவிளைவு இல்லை. அது பாதியாகும்போது சிதறி வரும் சமிக்ஞையும் பாதியாகும்.

பொருத்தும்போது

உடனே ஒட்டும் பசையின் ஆவி படலத்தில் வெள்ளையாகப் படியும். எபாக்ஸியை ஓரத்தில் மட்டும் வையுங்கள். இரு துளைகளையும் ஒரே துண்டால் மூடினால் ஒளி படலத்துக்குள்ளேயே ஏற்பிக்கு ஓடிவிடும். தனித்தனியாக வெட்டி நடுவில் கறுப்பு ஃபோம் வையுங்கள். வெளியே பாதுகாப்பு முகப்பு வேண்டுமானால் கண்ணாடி போடுங்கள். பாலிகார்பனேட்டும் செல்லோ டேப்பும் தளவிளைவைக் குலைப்பவை. விஎல்53எல்0எக்ஸ் என்றால் ஒளிக்கசிவு, ஆஃப்செட் அளவீடுகளைப் படலம் ஒட்டிய பிறகு மறுபடி செய்ய வேண்டும்.

குறுக்கு அமைப்பைச் சரியாகப் பொருத்த, எதிரொளி ஏற்பியில் விழும்படி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, சமிக்ஞை மிகக் குறையும் வரை ஏற்பிப் படலத்தைத் திருப்புங்கள். குறையவே இல்லையென்றால் ஏற்பித் துளையைக் கறுப்பு அட்டையால் மூடிப் பாருங்கள். மூடியபோதும் சமிக்ஞை இருந்தால் ஒளி பக்கவாட்டில் கசிகிறது. அற்றுப்போனால் கோளாறு படலத்தில்தான்.